மூத்தாளுக்கு ஒரு தலையணை

போன வாரம் என் மகள் அதை ஒரு வேடிக்கைபோலத்தான் போனில் சொன்னாள். அவள் வடக்கே ஒரு ஊரில் விமானம் ஓட்டப் படிக்கிறாள். அன்று காலை தனியாகப் பறக்கக் கிளம்பி, ஓடுபாதையில் பாதி தூரம் போன பிறகும் வேகம் காட்டும் முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லையாம். உடனே நிறுத்தித் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாளாம். இறக்கைக்கு அடியில் இருக்கும் சின்னக் குழாயைக் குளவி மண் வைத்து அடைத்திருந்ததாம். கிளம்புவதற்கு முன்னால் அதை யார் பார்த்தது என்று கேட்டேன்.

"நான்தாம்மா பாத்தேன். சரியாப் பாக்கலே," என்று சிரித்தாள். பிறகு தனக்கு ஒரு சாமான் வாங்கி அனுப்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போன் அணைந்த பிறகும் நான் "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே நின்றதாக என் கணவர் சொல்கிறார்.

ஒரு வாரமாகியும் அது மனதை விட்டுப் போகவில்லை. மகளை நினைத்து வந்த பயம் மட்டும் என்றால் யாரிடமாவது சொல்லி ஆறிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குழாயை எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் நானே அதை ஒருமுறை அடைத்திருக்கிறேன்.

என் அப்பா தென்காசிக் கோர்ட்டில் வக்கீல். சென்னைக்குச் சட்டம் படிக்கப் போன இடத்தில், யாருக்கும் சொல்லாமல் விமானம் ஓட்டவும் படித்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர். ஊரில் அந்த லைசென்ஸால் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் சில வருடங்கள் போயின. பிறகு அவருடைய கட்சிக்காரரான ஒரு மில் முதலாளி, ஏதோ ஆசையில், இரண்டு பேர் உட்காரக்கூடிய பழைய விமானம் ஒன்றை வாங்கிவிட்டார். பாவூர்சத்திரத்துக்குக் கிழக்கே தன் தரிசு நிலத்தில் மண் ஓடுபாதை போட்டு, தகர ஷெட்டும் கட்டினார். இரண்டு தடவை மேலே போனார். மூன்றாம் தடவை தலைசுற்றி வாந்தியெடுத்தார். அன்றே ஷெட்டின் சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். வழக்கில் ஜெயித்துக் கொடுத்தபோதுகூட அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை என்று அம்மா சொல்வாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அப்பா ஷெட்டுக்குப் போய்விடுவார். பறப்பது அரை மணி நேரம். மற்ற நேரமெல்லாம் ஷெட்டில்தான். பழைய பனியன் துணியால் இறக்கையைத் துடைப்பார். தொட்டியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் இறக்கையின் நிழலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். வீட்டுக்கு வரும்போது அவர்மேல் பெட்ரோல் வாசனை அடிக்கும். குளித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அம்மா அந்த விமானத்துக்கு வைத்திருந்த பெயர் 'மூத்தாள்'. லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் அப்பா அம்மாவைக் கட்டினார் என்பதால் முறைப்படி அதுதான் முதல் தாரமாம். ஞாயிற்றுக்கிழமை யாராவது வீட்டுக்கு வந்து அப்பாவைத் தேடினால், "அவுக மூத்தா வீட்டுக்குப் போயிருக்காக," என்று முகம் மாறாமல் சொல்வாள். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டம்மா அதை நம்பி, ரொம்ப நாள் அம்மாவிடம் பரிவாகப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா திருத்தவில்லை.

அம்மாவுக்கு அது விளையாட்டு. எனக்கு விளையாட்டாகப் படவில்லை. குறிப்பாகச் சாரல் மாதங்களில். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் பறக்க முடியாது. எங்கள் தெருவில் எல்லா வீட்டு அப்பாக்களும், வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகளோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு குற்றாலம் போவார்கள். எண்ணெய்ப் பிசுக்கோடும் சிவந்த கண்ணோடும் அந்தப் பிள்ளைகள் திரும்பி வருவதை நான் வாசலில் நின்று பார்ப்பேன். பறக்க முடியாத அந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பா ஷெட்டுக்குத்தான் போனார். பறப்பதற்காகப் போகிறார் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சும்மா பக்கத்தில் இருப்பதற்காகப் போகிறார் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால் அப்பா என்னைக் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னார். என் கண்ணுக்கு நேராக உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு, நாற்காலியிலிருந்து அதுவரைக்கும் சாண் போட்டு அளந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் என் சிநேகிதிக்குப் படிக்கிற மேசை வாங்கியிருந்தார்கள். எனக்கும் வேண்டும் என்று கேட்டு ஒரு மாதமாகியிருந்தது.

மேசை வரவில்லை. பூஜைக்கு முந்தின நாள் கடைத்தெருவிலிருந்து ஒரு தலையணை வந்தது. கெட்டியாக, சதுரமாக, நீலத்துணி போட்டுத் தைத்தது. நான் தொட்டுப் பார்க்கப் போனபோது, "அதை அழுக்காக்காதட்டி, நாளைக்கு ஷெட்டுக்குக் கொண்டுபோகணும்," என்றார். என் தலையணை ஓரம் கிழிந்து பஞ்சு தள்ளிக்கொண்டிருந்தது. மூத்தாளுக்குப் புதுத் தலையணை.

மறுநாள் காலையில் அம்மா, "நீயும் போயி உங்க பெரியம்மைய ஒரு தரம் பாத்துட்டு வா," என்று சொல்லி என்னை அப்பாவோடு அனுப்பினாள். ஸ்கூட்டரில் நான் எப்போதும் முன்னால், அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு போவேன். அன்றைக்கு அந்த இடத்தில் தலையணை வந்தது. அழுக்குப் படாமல் இருக்க அதற்கு ஒரு துண்டு வேறு போர்த்தியிருந்தார். நான் பின்சீட்டில் பூஜைச் சாமான் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஷெட்டுக் கதவை வாட்ச்மேன் திறந்தார். அப்பா உள்ளே போய், விமானத்தின் மூக்கில் கையை வைத்து, "என்னட்டி, எப்படி இருக்கே?" என்றார்.

வீட்டில் 'ஏட்டி' என்று அப்பா கூப்பிடுவது என்னை ஒருத்தியைத்தான். அம்மாவைக்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் எனக்கு மட்டும் உரியது என்று ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா என்னை விமானத்தைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். இடது இறக்கைக்கு அடியில், பென்சில் பருமனில் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த குழாயைக் காட்டி, இதுதான் அவள் மூச்சு விடுகிற இடம் என்றார். எதிர்காற்று இதற்குள் போனால்தான் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்று உள்ளே முள் காட்டும். வேகம் தெரியாமல் மேலே போகக்கூடாது என்றார். பிறகு, சந்தனம் குங்குமம் வைக்கிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு விமானத்துக்குள் ஏறினார். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அதை வைத்து, கயிறு போட்டுக் கட்டி, கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

நான் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டு வைத்தேன். வாலில், கதவில், சக்கரங்களில். இறக்கையடிக் குழாய்க்கு வந்ததும் சந்தனத்தை உருட்டி உள்ளே வைத்தேன். விரல் போகாத இடத்துக்கு விளக்குமாற்று ஈர்க்கால் தள்ளினேன். இறுகிய பிறகு அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. பார்க்கிறவர்களுக்கு அதுவும் பூஜைதான். என் கணக்கு எளிமையானது. மூச்சு அடைத்தால் அவளுக்குச் சீக்கு வரும். சீக்கு வந்தால் ஷெட்டைப் பூட்டிவிட்டு அப்பா என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவார். அவளுக்குள் அப்பா உட்கார்ந்திருப்பார் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

சூடம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதன் பிறகு அப்பா நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"இன்னைக்கு நான் பாக்கலே. நீ பாத்துச் சொல்லு. நீ சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன்."

சக்கரம் சரியா என்றார். குனிந்து பார்த்துச் சரி என்றேன். பெட்ரோல் குப்பியை என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார், சரி என்றேன். இறக்கைக்கு அடியில் வந்ததும் என் இடுப்பைப் பிடித்து மேலே தூக்கினார். அவர் என்னைத் தூக்கி ரொம்ப நாளாகியிருந்தது. என் முதுகுக்குப் பின்னால் அவருடைய முகம் இருந்தது. என் முகத்துக்கு நேராக அந்தக் குங்குமப் பொட்டு இருந்தது.

"மூச்சு விடுத இடம் எப்படி இருக்கு? சரியா?"

இப்போதாவது சொல்லிவிடலாம் என்று தோன்றியது உண்மை. சொன்னால் என்னைக் கீழே இறக்கிவிட்டு அவளுக்கு வைத்தியம் பார்க்கப் போவார் என்றும் தோன்றியது. இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கைகளில் இருக்க வேண்டும்போல இருந்தது.

"சரி," என்றேன்.

"முதல்ல நான் மட்டும் ஒரு சுத்து சுத்திட்டு வாறேன். அதுவரைக்கும் இங்கன வாட்ச்மேன் அண்ணாச்சி பக்கத்துலயே நில்லு," என்றார். பிறகு வேறு ஏதோ சொல்ல வந்து, சிரித்துக்கொண்டு ஏறிவிட்டார். நில்லு என்பது மட்டும்தான் என் காதில் நின்றது.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு விமானம் வெளியே போனது. ஓடுபாதையின் மேற்குக் கோடியில் திரும்பி நின்று உறுமியது. அதற்குப் பின்னால் மலை தெளிவாக இருந்தது. ஓடத் தொடங்கியதும் எங்களைக் கடக்கும்போது மேலே எழும்ப வேண்டும் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். எங்களைக் கடந்தது, எழும்பவில்லை. வால் மட்டும் தூக்கியது. பிறகு வெறும் புழுதி. கிழக்குக் கோடியில் வரிசையாகப் பனைகள் உண்டு. வாட்ச்மேன் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். அந்தப் புழுதிக்குள் அப்பா இருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அங்கே அவள் மட்டும்தான் இருந்தாள்.

புழுதி அடங்கியபோது விமானம் பனைகளுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது. மெல்லத் திரும்பி வந்தது.

அப்பா இறங்கி நேராக இறக்கைக்கு அடியில் போனார். ஈர்க்கை விட்டுக் குடைந்து, வந்ததை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பார்த்தார். வாட்ச்மேன் மூச்சிரைக்க வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை சாமி காரியம் என்று பக்தியாக வைத்திருக்கும், அதற்கு என்ன தெரியும் என்று எனக்காகப் பேசினார். அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"அதும்மேல தப்பு இல்லே அண்ணாச்சி. நான்தான் சரியாப் பாக்கலே," என்றார்.

அன்றைக்கு மறுபடி எடுக்கவில்லை. தலையணைக் கட்டை அவிழ்த்துக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தார். நான் முன்னால், அவர் கைகளுக்கு நடுவில் நின்றேன். பாவூர்சத்திரம் தாண்டினோம். பிறகு என் தலைக்கு மேலிருந்து அவர் குரல் வந்தது.

"பாக்காம சரின்னு சொல்லக்கூடாதுட்டி. பாக்கலேன்னா பாக்கலேன்னு சொல்லணும்."

எனக்குக் கிடைக்கவிருந்த பெரிய குற்றத்தை எடுத்துக்கொண்டு, அவர் ஒரு சின்னக் குற்றத்தை என் கையில் கொடுத்தார். நான் அதைச் சட்டென்று வாங்கிக்கொண்டேன். "பாக்கலேப்பா," என்றேன்.

வீட்டில், காற்று சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனார். நான் ஜெயித்துவிட்டேன். அருவிக்கு அடியில் நின்று கத்தினேன். அப்பா தலையை நனைத்துக்கொண்டு வந்து, மலைக்கு மேலே மேகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தூக்கியதில்லை. எனக்குப் பத்து வயதாகப் போகிறது, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஷெட்டுக்கு வா என்று கூப்பிட்டதும் இல்லை. மறு வருடம் முதலாளியின் மகன்கள் விமானத்தை விற்றுவிட்டார்கள். அதன் பிறகும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பிளாஸ்க்கில் காப்பி எடுத்துக்கொண்டு போய், அந்தக் காலி ஷெட்டில் உட்கார்ந்துவிட்டு வருவார். அந்தக் காலி ஷெட்மீதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அப்பா போய் இப்போது பன்னிரண்டு வருடமாகிறது.

என் மகள் கேட்ட சாமானை வாங்க நேற்றுக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். அவள் என்னைப்போலக் குட்டை. அந்த இருக்கையில் உட்கார்ந்தால் முன்னால் ஓடுபாதை தெரியவில்லை, உட்கார்ந்தால் அமுங்காத கெட்டித் தலையணை ஒன்று வேண்டும் என்றிருந்தாள். மெத்தைக் கடைக்காரரிடம் சொன்னேன். எவ்வளவு உயரம் என்றார். தெரியவில்லை என்றேன்.

"உக்காருத ஆளுக்குக் கண்ணு எங்கன வரணும்னு மட்டும் சொல்லுங்கக்கா. அதுக்குத் தக்கன தைச்சுத் தாறேன்," என்று என் முகத்துக்கு நேராக உள்ளங்கையை நீட்டினார்.

கடையில் இருந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டியதாகிவிட்டது.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து அடுத்த மாதமே எனக்கு மேசை வந்தது. நாற்காலியில் அந்த நீலத் தலையணையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் முடிக்கும்வரை படித்தேன். மூத்தாளிடமிருந்து பிடுங்கியது என்பதால் அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஒருமுறை அப்பாவிடம் குறைகூடச் சொன்னேன்: தலையணை மேசைக்கு ரொம்ப உயரமாக இருக்கிறது, குனிந்து எழுத வேண்டியிருக்கிறது என்று.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "அது மேசைக்குத் தைச்சது இல்லட்டி," என்றார்.

அதுதான் எனக்குத் தெரியுமே, அவளுக்குத் தைத்ததுதானே என்று நினைத்துக்கொண்டு, நான் குனிந்து எழுதினேன்.