றோஜர்ஸ் கணவாயில் ஜெயமலர்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஜெயமலர் பெரிய ட்றக் ஓட்ட லைசென்ஸ் எடுத்தபோது சிரிக்காத ஆளில்லை. "பிரேக்குக்குக் கால் எட்டுமோ பிள்ளை?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு மரியரட்ணம். அவள் சீற்றை முன்னே இழுத்துவிட்டு, கணவன் அகஸ்ரினோடு ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு ஓடத் தொடங்கினாள். ஒருவர் ஓட்ட, மற்றவர் சீற்றுக்குப் பின்னாலுள்ள கட்டிலில் தூங்குவார். சிரித்தவர்கள்தான் கடைசியில் களைத்துப்போனார்கள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு தை மாதம், வன்கூவர் போகும் மலைப்பாதையிலுள்ள றோஜர்ஸ் கணவாயில் பாதையை மறித்திருந்தார்கள். மலைச்சரிவில் புதுப்பனி கனத்துவிட்டால் பாளம் பாளமாகக் கழன்று பாதையில் இறங்கும். அது தானாக விழுமுன் பீரங்கியால் சுட்டு விழுத்துவது அங்கே வழக்கம். மறிப்பில் நின்ற பெண் வந்து, வண்டியை விட்டு இறங்கவேண்டாம், மறிப்பைத் தாண்டினால் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனாள். இரவெல்லாம் ஓட்டிய அகஸ்ரின் பின்னால் அயர்ந்து கிடந்தான். பாவம், தூங்கட்டும் என்று ஜெயமலர் அவனை எழுப்பவில்லை. அதுதான் அவள் விட்ட பிழை.

முதல் வெடி அதிர்ந்தது. அகஸ்ரின் கண்ணைத் திறந்தானோ இல்லையோ, கதவைத் திறந்து குதித்துவிட்டான். யாழ்ப்பாணத்துக் குருநகரில் ஷெல்லடிக்குப் பழகிய கால்கள் மறிப்பைத் தாண்டி ஓடின. சரிவின் அடியிலிருந்த பள்ளத்தில் பாய்ந்து குப்புறப் படுத்தான். ஊரில் உயிர் காப்பது பங்கர் என்ற பதுங்குபள்ளம். இங்கே பனி முதலில் வந்து நிரப்புவதும் பள்ளத்தைத்தான்.

ஜெயமலரும் கதவைத் திறந்து குதித்தாள். பின்னாலேயே ஓடினாள். மறிப்புக்காரி வயர்லெஸ்ஸில் கத்தி, சுடுவதை நிறுத்தச் சொன்னாள். ஏற்கெனவே அதிர்ந்த பனி யார் சொல்லைக் கேட்கும்?

"எழும்புங்கோப்பா. இது ஷெல் இல்லை, ஸ்நோவை விழுத்தினம்."

"படு, படு. அடுத்தது வருது." அவள் தலையைப் பிடித்து அமுக்கினான்.

அந்தக் கண்களுக்கு முன்னால் கனடா இல்லை. விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டுபேரும் புதையவேண்டியதுதான். சரி, குருநகரிலேயே நிற்போம் என்று முடிவெடுத்தாள்.

"இந்தப் பங்கருக்கை சனம் கூடிப்போச்சு. கோயிலடிப் பங்கருக்குப் போவம். ஒண்டு விழுந்திட்டுது, அடுத்தது வரமுன்னம் ஓடுவம், வாங்கோ."

அது அவனுக்குத் தெரிந்த கணக்கு. உடனே எழுந்தான். அவள் பிடித்த கையை விடாமல் இழுத்துக்கொண்டு ஓடினாள். அவனை ட்றக்கில் ஏற்றிக் கதவைச் சாத்தவும் மேலிருந்து இரைச்சல் கேட்டது. வெண்தூள் கண்ணாடியை மூடியது. அது அடங்கியபோது பள்ளத்தைக் காணவில்லை.

அகஸ்ரின் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏனப்பா எனக்குப் பின்னாலை வந்தனீ? ரெண்டுபேரும் போயிருந்தா பிள்ளையளின்ரை கதி என்ன?"

"எழுப்பிச் சொல்லாமல் விட்டது நான்தானே." அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே கையை நீட்டினாள். "இன்னும் சுடுவினம். கையைத் தாங்கோ."

இன்னும் ஒரு வெடி என்று மறிப்புக்காரி ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். "இப்ப வருது," என்றாள் ஜெயமலர்.

மலை மறுபடி அதிர்ந்தது. விரல் நொறுங்குமளவுக்கு அவன் அவள் கையைப் பிடித்தான். கதவைத் தொடவில்லை.