ஐந்தாவது சக்கரம் ஏற்றிய மஞ்சள் விளக்கு

டயர் கடை வைத்தவனுக்குச் சோறு போடுவது நாலு சக்கரம். மானத்தை வாங்குவது ஐந்தாவது, அதாவது ஸ்டெப்னி. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலையில் பதினெட்டு வருடமாகக் கடை நடத்துகிறேன். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிற சக பாவிகளே, போன மாதம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை கெடு

காதர் பாய்க்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. அவர் மகள் ரஹ்மத்துக்குக் கல்வராயன் மலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பஸ் நேரம் டியூட்டிக்கு ஒத்துவராததால் பழைய கார் ஒன்றை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு மலைக்குப் போய் வருகிறாள். பாய்க்கு அதில் அரை மனசுதான். டயரில் காற்று குறைந்தால் சென்சார் கண்டுபிடித்து விளக்கெரிக்கும் வண்டி அது. ஒரு செவ்வாய்க்கிழமை விளக்கு எரிந்தது, அணையவில்லை. பாய்க்கு அது போதாதா? மகளையும் வண்டியையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்.

நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பிடித்து, "அவ்ளோதாங்க பாய், போய்க்கினே இருங்க" என்று பெருமையாக அனுப்பி வைத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். விளக்கு அப்படியே இருந்தது. மகள் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பாய் என்னைப் பார்த்து, ஆனால் அவள் காதில் விழும்படி, சொன்னார்: "வெள்ளிக்கெழமைக்குள்ள வெளக்கு அணையலன்னா வண்டியும் வேணாம், மல வேலையும் வேணாம்."

கறுப்பு டேப்

புதன்கிழமை டியூட்டி முடிந்து ரஹ்மத் வந்தாள். நாலு சக்கரத்தையும் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. சென்சாரைச் சோதிக்கிற கையடக்க ஸ்கேனரை ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் பிடித்தேன். நாலு சென்சாரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லின. "வண்டிதாம்மா பொய் சொல்லுது" என்றேன், வெட்கமே இல்லாமல்.

பக்கத்துக் கடை எலக்ட்ரீசியன் செல்வம் எட்டிப் பார்த்து, விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டால் பாய்க்குத் தெரியவா போகிறது என்றார். உண்மையைச் சொன்னால், என் கை டேப்பைத் தேட ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வருடத் தொழில் என்று பீற்றிக்கொண்டவன் நான்! ரஹ்மத்துக்குக் கோபம் வரவில்லை. ஊசி போடப் போகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்: "ஜொரம் ஜாஸ்தியா காட்டுதுன்னு நாங்க தெர்மாமீட்டர ஒடைக்கறதில்லண்ணே."

ஆஸ்பத்திரி வாசலில்

வியாழன் காலை, ஓடும்போது விளக்கு என்ன செய்கிறது என்று பார்க்க ஸ்கேனரோடு நானும் அவள் வண்டியில் ஏறினேன். சாவியைத் திருப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு, அப்புறம்தான் நிலையாக எரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். காற்று குறைந்தால் நேராக எரியும். சிமிட்டிவிட்டு எரிந்தால் சென்சாரே பழுது. ஒவ்வொரு தடவையும் சாவி திருப்பி ஓட்டி வந்த பிறகே வண்டியைப் பார்த்ததால் இது என் கண்ணில் படவில்லை. ஆனால் நாலும் நன்றாக இருக்க, பழுதானது எது?

மலை வளைவுகளில் அவள் ஹாரன் அடித்து அடித்து அழகாக ஏற்றினாள். கதவோரக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது நான்தான். "போன வாரம் ஒரு பிரசவக்காரிய இதுலதாண்ணே கூட்டியாந்தேன். கீழ எனக்கு வேற வேல கெடைக்கும். இங்க வேற ஆளு வரணுமில்ல" என்றாள். அவள் குரல் லேசாக உடைந்தது.

மேலே போய்ச் சேர்ந்ததும் வண்டியின் கையேட்டைப் புரட்டினேன். மொத்தம் ஐந்து சென்சார் என்று போட்டிருந்தது. ஸ்டெப்னி டிக்கிக்கு அடியில் இருந்தது; டிக்கியில் பாயின் அக்கறை இருந்தது. தண்ணீர் கேன், கயிறு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு கருங்கல், குடை, போர்வை, ஒரு பெட்டி பிஸ்கட். ஒவ்வொன்றாக இறக்கி வாசலில் அடுக்கினேன். ஸ்கேனரை ஸ்டெப்னியிடம் நீட்டினேன். பதிலே இல்லை. மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மா சாமான்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ரஹ்மத்திடம் சந்தோஷமாகக் கேட்டார்: "வூடு மாத்திகினு இங்கியே வந்துட்டியாம்மா?"

பச்சைக் கூழ்

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பாய் நேராகக் கடைக்கு வந்தார்; ரஹ்மத் வண்டியோடு முன்பே வந்திருந்தாள். அவர் கண்ணெதிரே ஸ்டெப்னி டயரைப் பிரித்தேன். உள்ளே பச்சையாகக் கூழ், அதில் முழுகிக் கிடந்தது சென்சார். பஞ்சர் ஆகாமலிருக்க டயருக்குள் ஊற்றுகிற ஜெல் அது. ஓடுகிற சக்கரமாக இருந்தால் சுற்றுகிற வேகத்தில் டயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கவிழ்ந்தே கிடக்கிற ஸ்டெப்னியில் தேங்கி, சென்சாரை முழுங்கிவிட்டது. "இத யாரு ஊத்துனது?" என்றேன். ரஹ்மத்துக்குத் தெரியவில்லை. பாய் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"மணலூர்பேட்டைக்கு நிக்காஹ்வுக்குப் போனமே, நீ உள்ள சாப்ட்டுகினு இருந்த. ரோட்டோரம் ஒருத்தன் வித்தான். நாலு சக்கரமும் கைவிட்டாலும் கடேசி சக்கரமாவது எம்பொண்ண வூட்டுல சேக்கணும்னு நெனச்சேன்" என்றார். ரஹ்மத் திட்டுவாள் என்று பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கூழை வழித்துக் கழுவி, புது சென்சார் மாட்டி, ஸ்கேனரால் வண்டிக்கு அதை அறிமுகப்படுத்தி, மூன்று பேரும் ஒரு சுற்றுப் போய் வந்தோம். வழியிலேயே விளக்கு அணைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் கைதட்டினேன். விளக்கு எரிந்த இடத்தைப் பாய் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னார்: "திங்கக்கெழம நானும் கூட வரேம்மா. அந்த மலைய நான் இன்னும் பாத்ததே இல்ல."

நாலு சக்கரத்தில் தேடி மூன்று நாள் மானம் போனவன் சொல்கிறேன், வண்டியில் கோளாறு எங்கே என்று பிடிபடவில்லையென்றால், அந்த வண்டியில் போகிறவர் மேல் யாருக்கு அக்கறை ஜாஸ்தி என்று முதலில் விசாரியுங்கள்.