ஏழாவது ஊசி

என் மாமனாருக்குக் குஷன் கடை. கிழிந்து தொங்கும் சோபாவைக் கொண்டுபோய்ப் போட்டால் ஒரே வாரத்தில் புது மாப்பிள்ளை மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுவார். முப்பத்திரண்டு வருடத் தொழிலில் அவர் மார்தட்டிக்கொள்ளும் விஷயம் ஒன்றே ஒன்றுதான்: அவர் தைத்த இருக்கையில் உட்கார்ந்த யாரையும் ஊசி குத்தியதில்லை. பழைய டப்பா மூடி ஒன்றில் ஏழு ஊசிகள் வைத்திருப்பார். வேலை முடிந்ததும் எண்ணுவார். ஏழும் இருந்தால்தான் சோபா கடைப்படி இறங்கும். ஒருமுறை ஆறுதான் இருந்தது என்று, முடித்த சோபாவை மொத்தமாகப் பிரித்துப் போட்டார். ஊசி கடைசியில் மேசைக்கு அடியில் கிடந்தது.

"வீணாப் பிரிச்சீங்களே மாமா" என்றேன்.

"சந்தேகத்து மேல யாரையும் உக்கார வைக்க முடியாதும்மா" என்றார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அத்தை இருக்கிறார் என்பது வேறு விஷயம்.

இந்தக் குளிர்காலம் தொடங்கிய கையோடு அத்தைக்கு முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. "நரம்புதான், கொஞ்ச மாசத்துல சரியாயிடும், பயப்படாதீங்க" என்றார் டாக்டர். அத்தை பயப்படவில்லை, வெட்கப்பட்டார். தண்ணீர் குடித்தால் இடது ஓரமாக வழிந்தது. மென்றால் பாதி வெளியே வந்தது. அன்றிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஐந்து வாரம் இப்படியே ஓடியது. சாப்பாட்டு மேசையில் பேச்சு முழுக்க அத்தையின் குத்தகை. அவர் இல்லாமல் நானும் என் கணவரும் நாத்தனாரும் கடனே என்று விழுங்கிவிட்டு எழுந்தோம். மாமா அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே சோற்றைப் பிசைவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அறிவித்தார். "இன்னிக்கு நான் சமைக்கிறேன். முழுக் கோழி, ஓவன்ல. உங்க அத்தைக்கு அதுன்னா உயிர். இன்னிக்கு அவ மேசைக்கு வரணும்."

"உங்களுக்கு சுடுதண்ணியாவது வைக்கத் தெரியுமா மாமா?"

"கோழியும் ஒரு குஷன்தானே? உள்ள அடைக்கணும், வெளிய தைக்கணும்."

ரொட்டித் தூள், வெங்காயம், பூண்டு, வெண்ணெய் எல்லாம் பிசைந்து கோழிக்குள் அடைத்தார். கடையிலிருந்து ஊசி மூடியையே கொண்டுவந்திருந்தார்; அதில் ஒரு வளைந்த ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்து, வெள்ளை நூல் கோத்துத் தைத்தார். அப்படி ஒரு தையலை என் நல்ல கோட்டில்கூட நான் பார்த்ததில்லை. சுற்றிலும் உருளைக்கிழங்கும் கேரட்டும் அடுக்கி ஓவனுக்குள் தள்ளினார்.

வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர். உள்ளே ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வழிய, மாமா ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெண்ணெய் வாசனை வீடு முழுக்கப் பரவியதும் அத்தை சமையலறை வாசலுக்கு வந்தார், வாயைத் துண்டால் மறைத்தபடி. லேசாக நடுங்கினார். மாமா போய் ஸ்வெட்டரை அவர் தோளில் போர்த்திவிட்டார்.

"இன்னிக்கு எங்களோட உக்காந்து சாப்பிடேன்."

"எனக்கு ரூமுக்கே குடுத்துடுங்க."

"உன் வாயை யாரு பாக்கப் போறா?"

"எல்லாரும் பாக்குறீங்க. பாக்காத மாதிரி பாக்குறீங்க."

அத்தை திரும்பிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை.

கோழி பொன்னிறமாக வெளியே வந்தது. மாமா கத்தியை எடுத்தவர், பழக்க தோஷத்தில் ஊசி மூடியை எட்டிப் பார்த்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஆறு.

"யாரும் தொடாதீங்க!"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தரை, தொட்டி, குப்பைக்கூடை என்று வீட்டையே சல்லடை போட்டு அரித்தோம். என் கணவர் கடைக் காந்தத்தைக் கொண்டுவந்து, டாக்டர் நெஞ்சைச் சோதிப்பதுபோலக் கோழியை மேலும் கீழும் சோதித்தார். ஒன்றும் ஒட்டவில்லை. மாமா நம்பவில்லை. "காந்தம் ஏமாத்தும். விரல் ஏமாத்தாது. எல்லாரும் கை கழுவிட்டு வாங்க."

"பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி தச்சுடுவீங்களாப்பா?" என்றாள் நாத்தனார். அவர் முறைத்த முறைப்பில் முதல் ஆளாகக் கை கழுவ ஓடினாள்.

தட்டை மேசை நடுவில் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நார் நாராகப் பிய்க்க வேண்டும், விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும், பார்த்தது மட்டும் வாய்க்குள் போகலாம். இது மாமாவின் சட்டம்.

கொஞ்ச நேரத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஸ்வெட்டரோடு அத்தை தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தள்ளுங்க. நீங்க பிக்கிற லட்சணத்துக்கு விடிஞ்சுடும்."

கடைக்கு வரும் குஷன் பொத்தான்களுக்கெல்லாம் துணி சுற்றிக் கொடுத்த விரல்கள் அவை. பஞ்சு மாதிரிப் பிய்த்தார், தின்றார், பிய்த்தார். நடுவே மாமாவின் சமையலில் உப்பு குறை என்றார், மகளுக்குப் பொறுமை இல்லை என்றார், என் பங்கிலிருந்து ஒரு உருளைக்கிழங்கைத் தள்ளிக்கொண்டு போனார். ஓரத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். கோழி வெறும் எலும்பாகிவிட்டது. ஊசியைக் காணோம். மாமாவின் முகத்தைப் பார்த்து அத்தை சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. ஐந்து வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. மாமா ஊசியை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பாத்திரம் கழுவும்போது அத்தை பின்னால் வந்து, மூடியில் எதையோ வைத்தார். ஏழாவது ஊசி.

"எங்க இருந்துச்சு அத்தை?"

"ஸ்வெட்டர் தோள்ல."

கடையில் தைக்கும்போது ஊசியை ஏப்ரன் தோள்பட்டையில் குத்திக்கொள்வது மாமாவின் வழக்கம். வீட்டில் ஏது ஏப்ரன்? கை தன்பாட்டில் ஸ்வெட்டரில் குத்தியிருக்கிறது.

"எப்ப பாத்தீங்க?"

"போத்திவிட்டாரே, ரூமுக்குப் போனதும் குத்துச்சு. குடுக்கலாம்னுதான் வந்தேன். வந்து பாத்தா எல்லாரும் தலையைக் குனிஞ்சு கோழியையே பாத்துட்டு இருக்கீங்க. என்னை யாரும் பாக்கலை. அப்படியே உக்காந்துட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்க மாமாகிட்ட மூச்சு விடாத."

நான் சொல்லவில்லை. மறுநாள் மாமா ஏழையும் எண்ணினார். "எங்க கிடைச்சுது?" என்றார். "அடுப்புக்கு அடியில" என்றார் அத்தை. மாமா ஸ்வெட்டரை எடுத்தார், இடது தோளை ஒருமுறை தடவிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறும் கோழி வாங்கி வந்தார். இந்தத் தடவை எதையும் அடைக்கவில்லை, தைக்கவும் இல்லை. ஊசி மூடி கடையிலேயே இருந்தது. வெந்த கோழியை முழுசாக மேசை நடுவில் வைத்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"வாங்க, ஊசியைத் தேடலாம்."

முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது அத்தைதான்.