குதிரைப்படை அதிகாரியும் என் அப்பாவும்

ஒன்பது வயதில் எனக்கு ஒருவர் மீது பொறாமை இருந்தது. அவர் ஒரு பிரஷ்யக் குதிரைப்படை அதிகாரி. இறந்து கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியிருந்தது. அது என் பொறாமைக்கு ஒரு தடையாகவே இருக்கவில்லை.

இத்தாலியில் பலர்மோ நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் அவர் ஓவியமாகத் தொங்கினார். வெள்ளைச் சீருடை, முறுக்கிய மீசை, கையிடுக்கில் தலைக்கவசம். அவருடைய பேத்தியான கிழவியிடம்தான் அம்மா வீட்டுவேலை செய்தார். நாங்கள் அவரைச் சிஞோரா, அதாவது அம்மணி, என்போம். சனிக்கிழமை பின்னேரங்களில் அம்மா அதிகாரியின் வாளையும், குதிரையை உந்துவதற்குச் சப்பாத்தில் பூட்டும் வெள்ளிக் குதிமுட்கள் இரண்டையும் துடைப்பார். சிஞோரா பக்கத்தில் இருந்து பாட்டனாரின் கதையைச் சொல்லுவார். அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, எனக்குத் தலை இழுக்கும்போது சொல்லுவார்.

பதினேழு வயதில் படையில் சேர்ந்தாராம். முதல் வருடத்திலேயே மூன்று தரம் குதிரையிலிருந்து விழுந்தாராம். ஒஸ்ரியாவுடன் நடந்த போரில் தொடையில் வெட்டு. பிரான்சுடன் நடந்த போரில் ஏறியிருந்த குதிரை சூடுபட்டு விழ, ஆளில்லாமல் ஓடிவந்த இன்னொரு குதிரையைப் பிடித்து ஏறி முன்னே போனாராம். கப்டன், மேஜர், கேணல். நெஞ்சு வருத்தம் வந்தபிறகு வெயிலைத் தேடிப் பலர்மோவுக்கு வந்து, மகளை இங்கே ஓர் எலுமிச்சை வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்து, ஒரு மார்ச் மாதக் காலை கோப்பி குடித்த கையோடு நாற்காலியிலேயே செத்துப்போனாராம்.

அம்மாவின் குரல் அப்போது மட்டும்தான் அப்படித் துள்ளும். அப்பாவைப் பற்றிக் கேட்டால் சீப்பு நின்றுவிடும்.

"பிறகு கதைப்பம்" என்பார்.

அந்தப் பிறகு வரவேயில்லை. என்னையும் கூட்டிப்போன ஒரு சனிக்கிழமை, அம்மா வாளி எடுக்கப் போன நேரம், குதிமுள் ஒன்றை எடுத்து என் காலுறைக்குள் செருகிக்கொண்டேன். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் இருந்த எங்கள் அறைக்கு வந்து, அதை அரிசி வாளிக்குள் புதைத்தேன். ஒரு காலுக்கு மட்டும் குதிமுள் உள்ள கேணல் எப்படிக் குதிரை ஓட்டுவார் பார்ப்போம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போனபோது சிஞோராவின் மருமகள் வந்திருந்தாள். குதிமுள்ளைக் காணவில்லை என்று அம்மாவின் கைப்பையை மேசையில் கொட்டச் சொன்னாள். சீப்பு, பஸ் ரிக்கற், திருநீற்றுப் பொட்டலம், இந்த நாட்டில் தங்குவதற்கான, நான்காய் மடித்த பெர்மெஸ்ஸோ கடுதாசி. அதைப் புதுப்பிக்கச் சிஞோராவின் கையெழுத்து வேண்டும்; அந்த மாதம்தான் தவணை. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். நான்தான் எடுத்தேன் என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அரிசி வாளியைக் கவிழ்த்தேன். அம்மா குதிமுள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடி விழும் என்று கண்ணை மூடினேன்.

"ஏன் எடுத்தனி?"

"உங்களுக்கு அவரைத்தான் விருப்பம். அவரின்ரை கதை எல்லாம் தெரியும். அப்பான்ரை கதை ஒண்டும் சொல்லமாட்டியள்."

அம்மா சிதறிய அரிசியைக் கூட்டி அள்ளினார்.

"கேணலைப் பற்றி எல்லாம் எழுதி வைச்சிருக்கினம், பிள்ளை. அதாலை சொல்லலாம்."

அடுத்தநாள் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "இயோ," நான்தான், என்று சொல்லி அழுதேன். சிஞோரா குதிமுள்ளை ஆணியில் மாட்டிவிட்டு, மருமகள் முணுமுணுக்க முணுமுணுக்க, அம்மாவின் கடுதாசியில் கையெழுத்து வைத்தார். அதன்பிறகு நான் அந்த அறைக்குள் போகக்கூடாது, வாசற்படியில் இருக்கவேண்டும்.

படியில் இருந்துதான் அந்த யோசனை வந்தது. எழுதி வைத்தால்தானே சொல்லலாம்? அப்பாவின் கதையை நானே எழுதுவேன். கேணல் தோற்றுப்போக வேண்டும். பள்ளிக்கூடக் கொப்பியில், அம்மா சொல்லித்தந்த தமிழில், எனக்குத் தெரிந்ததைத் திரட்டினேன். அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தார். அப்பா நன்றாக நீந்துவார். அப்பாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது, ஊரில் சண்டை நடந்த நாட்களில், ஒருநாள் காலை அப்பா சைக்கிளில் வேலைக்குப் போனார். போனவர் இன்னும் திரும்பி வரவில்லை; அதற்குமேல் எனக்குத் தெரியாததால், பெரிதாக ஒரு முற்றுப்புள்ளி வைத்து அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் பேனையை வாங்கி, அந்தப் புள்ளியின் கீழே சின்னதாக ஒரு வால் இழுத்து, அதைக் காற்புள்ளி ஆக்கினார்.

"இப்ப சரி" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. கேணலின் கதை எவ்வளவு அழகாக முடிகிறது! என் அப்பாவுக்கு ஒரு முற்றுப்புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்க அம்மாவுக்கு மனம் வரவில்லையே என்று, ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தேன்.