மேட்டு வயலுக்குப் போன நாற்று

மகாளய அமாவாசை கழிந்த திங்களன்று, தாமல் கிராமத்தில் என் அக்காவின் நாற்றங்கால் திட்டுத்திட்டாக மஞ்சளாகியிருந்தது. ஏரித் தண்ணீர் தாமதமானதால் அந்த ஆண்டு அவள் காய்ந்த நிலத்திலேயே விதைத்திருந்தாள். உரக்கடைக்காரர் துத்தநாகக் குறை என்றார். போட்டோம். மஞ்சள் அப்படியே இருந்தது.

நான் காஞ்சிபுரத்தில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டுகிறவன். கிடைத்ததையெல்லாம் படிப்பேன். ஒரு நாற்றைப் பிடுங்கி அலசிப் பார்த்தேன். வேர்நுனிகள் தடித்து, கொக்கிபோல் வளைந்திருந்தன. நூற்புழுவாக இருக்கலாம் என்று பட்டது. வேருக்குள் குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத புழு. வேரையும் மண்ணையும் ஈரம் காயாமல் பையில் கட்டி வேளாண் அலுவலகத்தில் கொடுத்தேன். பரிசோதனைக்கு வெளியூர் போகவேண்டும் என்றார்கள். இரண்டு முறை போய்க் கேட்டேன். இரண்டு முறையும் அதைக் கவனிக்கிற மேசைக்காரர் பயிற்சிக்குப் போயிருந்தார்.

ஐப்பசி முதல் வெள்ளியன்று போன் வந்தது. நூற்புழுதான். வயலில் தண்ணீர் வற்றாமல் நிறுத்தினால் ஓரளவு அடங்கும், மேட்டு நிலத்துக்கு மட்டும் இந்த நாற்று போகக்கூடாது என்றார்கள். அக்கா முந்தின நாளே நட்டு முடித்து, மீந்த நாற்று முடிகளை வரப்பில் வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் மீந்த நாற்றை வேண்டியவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து மேட்டு வயல்காரம்மா, தன் நாற்றை மாடு மேய்ந்துவிட்டதால், எல்லாவற்றையும் கொண்டுபோயிருந்தார். அந்த வயல்தான் அவர் வீட்டுக்கு வருஷத்துச் சோறு.

அக்காவையே போய்ச் சொல்லச் சொன்னேன்.

"எடுத்துக்கினு போன நாத்தை நடாதன்னு எப்டிபா சொல்றது? அவங்க நெலம் வெளங்கக்கூடாதுன்னு சொல்ற மாதிரி இருக்குது. நான் போவமாட்டேன்."

நானே போனேன். அந்த அம்மா கால்வாயில் முடிகளை நனைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. வேரைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"உங்க அக்காவும் இதத்தான நட்டுக்கினு இருக்குது?"

அது பள்ளம், தண்ணீர் நிற்கும். உங்களுடையதில் நிற்காது என்றேன்.

"சரிபா. இத வுட்டா நாத்து எங்க இருக்குது, சொல்லு."

முசரவாக்கம் வரை வண்டியில் அலைந்தேன். சில இடங்களில் நட்டு முடித்திருந்தார்கள். மிச்சமிருந்தது முற்றிப்போன நாற்று. இருட்டியதும் வெறுங்கையோடு திரும்பினேன். காலையில் அவர் நட்டார்.

தைப்பொங்கலுக்கு முந்தின வாரம் அக்காவின் வயலில் கதிர் சாய்ந்து நின்றது. மேட்டில் பயிர் முழங்காலைத் தாண்டவில்லை. வந்த கதிரிலும் பாதிக்குமேல் பதர். அறுவடைக்கு ஆள் வைத்தால் கட்டாது என்று அந்த அம்மா தனியாகவே அறுத்துக்கொண்டிருந்தார். அடுத்த போகம் நெல் வேண்டாம், புழு அடங்க எள்ளாவது வேர்க்கடலையாவது போடுங்கள் என்று சொல்லப் போனேன்.

அவர் நிமிரவில்லை. "நடவுக்கு மொத நாளு வந்து வெளங்காதுன்னு வாய் வெச்சிட்டுப் போன. நல்லாவா இருக்கும்?"

ஒரு தூரைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரை அவர் பக்கம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, மற்ற தாள்களோடு சேர்த்துக் கட்டுக்குள் செருகிவிட்டு, அடுத்த பிடியை அறுக்கத் தொடங்கினார்.