நாலாம் பெட்டியின் வெர்ஷன்

ஆயுத பூஜை லீவு முடிந்து பொம்மசந்திராவில் மருந்து டப்பா ஃபேக்டரி திறந்த காலையிலேயே நாலாவது லைனில் லேபிள் அடிக்கவில்லை. ஜோவிதாவுக்குப் பதினோரு வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் வேலை. லேபிள் புரோகிராமைக் கன்டெய்னர் என்கிற பொட்டலங்களாகக் கட்டி, லைனுக்கொன்றாக ஐந்து சின்னப் பெட்டிகளில் ஓடவிட்டவள் அவள்தான். போன மாதம் ஐந்தையும் புது வெர்ஷனுக்கு மாற்றியதும் அவள்தான்.

"உங்க அப்டேட்தான் வேலையைக் காட்டுது," என்றார் மேனேஜர் உமேஷ். "ரெண்டு மணி ஷிஃப்டுக்குள்ள ஓடலேன்னா இதை வெளிக் கம்பெனிக்கே கொடுத்துடறேன். பெரிய சார் ஏற்கெனவே கேட்டுட்டிருக்காரு."

அப்படிக் கொடுத்துவிட்டால் அவளுக்கு அங்கே நாற்காலி இருக்காது.

"எல்லாம் ஒரே வெர்ஷன்தான் சார். நானே கையால போட்டேன்," என்றாள், பார்க்காமலே.

மணி பன்னிரண்டரை. மூன்று தடவை அணைத்துப் போட்டாயிற்று, கேபிள் மாற்றியாயிற்று. பொட்டலம் ஏறும், அரை நிமிஷத்தில் செத்து விழும், மறுபடி ஏறும். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. கடைசியில் மானத்தை விட்டு, பழைய ஆபீஸ் சிநேகிதன் கிளெமென்ட்டுக்குப் போன் போட்டாள்.

"வெர்ஷன் என்ன?"

"எல்லாம் ஒண்ணுதாம்ப்பா."

"ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ற மாதிரி பொத்தாம்பொதுவா சொல்லாத. ஒவ்வொண்ணா நம்பரைப் படி."

"காலையிலேர்ந்து ஸ்கிரீன்ல பெட்டிங்க லிஸ்ட்டைத்தான் பார்த்துட்டிருக்கேன்!" என்று எரிந்து விழுந்தாள். பார்த்தது உண்மைதான், பெட்டி உயிரோடு இருக்கிறதா என்கிற பத்தியை மட்டும். வெர்ஷன் கடைசிப் பத்தியில் இருந்தது. வாய்விட்டுப் படித்தாள். முப்பது, முப்பது, முப்பது. நாலாவதில் இருபத்தாறு.

"ஐயோ யேசுவே. இது ஸ்பேர்!"

அலமாரியில் கிடக்க வேண்டிய பழைய பெட்டி. போன மாத அப்டேட் அதற்குப் போகவில்லை, புதுப் பொட்டலம் அதில் நிற்காது. அவசரத்துக்குச் சட்டென்று மாட்டலாம் என்று நாலாவதின் பெயரையே அதற்கும் வைத்தது அவள் புத்திதான். எலெக்ட்ரீஷியன் ஷங்கரைக் கூப்பிட்டாள்.

"பூஜைக்கு ஆறையும் தொடச்சு மஞ்ச குங்குமம் வெச்சோம்க்கா. திரும்ப மாட்டும்போது எல்லாம் ஒரே லட்சணமா இருந்துச்சு."

"லட்சணமாத்தான் இருக்கும்! அலமாரியிலேர்ந்து அதை எவன் எடுக்கச் சொன்னான்?"

"ஒண்ணை மட்டும் பூஜையில விட்டுட்டா எப்படிக்கா?"

அவள் அலமாரிக்கு ஓடினாள்.

சரியான பெட்டி செவ்வந்திப் பூவோடு அங்கே உட்கார்ந்திருந்தது. அதை மாட்டி, ஒன்றே முக்காலுக்கு லேபிள் வந்தது.

உமேஷ் ரிப்போர்ட் நோட்டைத் திறந்தார். "காரணம், ஷங்கர். அவ்வளவுதானே?"

ஷங்கர் ஸ்குரூ டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாத்தி மாட்டினது அவன். நம்பரைப் பார்க்காம எல்லாம் ஒண்ணுன்னு சொன்னது நான். அப்டேட் மேல தப்பில்ல. மூணையும் எழுதுங்க சார்."

"பெரிய சார் இதைப் படிச்சா உங்களுக்குத்தானே கஷ்டம்?"

"எழுதுங்க."

எழுதினார். "ரெண்டுக்குள்ள ஓடிடுச்சு. வெளிக் கம்பெனிப் பேச்சை நான் எடுக்கல, போங்க."

ஜோவிதாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. நாலரை மணி நேரம் வீணாய்ப் போயிற்றே என்றுதான் இருந்தது. சாப்பிடப் போகாமல் ஸ்பேர் பெட்டியை மேஜைமேல் வைத்து, குங்குமத்தைக்கூடத் துடைக்காமல், முதலில் அதன் பெயரை மாற்றத் தொடங்கினாள்.