அண்ணன் வண்டியின் ஆயில் போல்ட்

அண்ணன் இறந்தபின் வந்த முதல் அமாவாசைக்கு மறுநாள் விடியலில்தான் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தோம். அவருடைய மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில், சிமெண்டுத் தரையில், ஓர் அப்பளம் அளவுக்கு இன்ஜின் ஆயில். நெரவியில் அண்ணி வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல் இருப்பவை, வாசல் ஒன்றுதான். கீழவாஞ்சூர் துறைமுக வேலைக்கு நான் அந்த வண்டியில்தான் போகிறேன். திரும்பி வந்தால் அண்ணன் விடுகிற இடத்திலேயே விடுவேன்.

அண்ணி குனிந்து பார்த்தார். "நேத்து இலை போட்டோம்ல, வந்து சாப்புட்டுப் போயிருக்காரு தம்பி" என்றார்.

இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் போல்ட் லேசாக ஆடியது. நூல் சுற்றி முடுக்கினேன், நின்றது. அடுத்த அமாவாசைக்கு மறுநாள் அதே இடத்தில் அதே வட்டம். அதற்கடுத்த மாதமும் அப்படியே. நடுவில் ஒரு நாள்கூட ஒழுகாது. அண்ணி அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்க விடமாட்டார்.

வருஷம் நெருங்கியது. பிள்ளை இல்லாத அண்ணனுக்குத் தலைத்திவசம் நான்தான் கொடுக்கவேண்டும். பேச்சை எடுத்தாலே அண்ணி எழுந்து போய்விடுவார். "அவருதான் மாசாமாசம் வர்றாரே. திவசம் கொடுத்து அனுப்பிவுடச் சொல்றீங்களா?" என்றார் ஒருமுறை. திவசம் கொடுக்காவிட்டால் ஆத்மா வழியிலேயே நின்றுவிடும் என்று நம்புகிறவன் நான். காலையில் திருநீறு பூசும்போதெல்லாம், ஈஸ்வரா, என் அண்ணனை இப்படி வாசலிலேயே நிறுத்தி வைக்காதே என்றுதான் வேண்டிக்கொள்வேன்.

ஒருநாள் துறைமுகத்துக்குப் போகும் வழியில் கால் முழுக்க ஆயில். போல்ட் விழுகிற நிலையில் தொங்கிக்கொண்டிருந்தது. தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனேன். அவர் போல்ட்டைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை.

"போல்ட்டு புடிக்கிற மரை மொத்தமும் போச்சுண்ணே. என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே. அமாவாசைக்கு அமாவாசை வண்டியக் கழுவி, எல்லா போல்ட்டையும் ஒரு முடுக்கு முடுக்கிட்டு, பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் வைப்பேன். எங்க அண்ணனும் அப்படித்தான் செய்வாரு."

அவர் சிரித்தார். "சாமி கும்புடுறதுக்கு ஸ்பேனர் எதுக்குண்ணே? போல்ட் இரும்பு, இன்ஜின் அலுமினியம். மாசாமாசம் முடுக்குனா எப்படித் தாங்கும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் வருகிற தடம் என்று இத்தனை மாதம் நாங்கள் கும்பிட்டது என் கை முறுக்கா?

ஓட்டையைப் பெரிதாக்கிப் புது மரை வெட்டினார். வெட்டும்போது வண்டி முனகியது. அண்ணன் கடைசி நாட்களில் புரண்டு படுக்கும்போது முனகிய மாதிரியே இருந்தது. மெல்லிய எஃகுக் கம்பியைச் சுருளாக்கினதுதான் உள்ளே போடும் புது மரை. அதைத் திருகி இறக்கி, நுனியில் வால்போல் நீட்டிக்கொண்டிருந்ததை ஒடித்து எடுத்துக் காட்டினார். "இனி அந்த போல்ட்டுல உங்க ஸ்பேனர் படக்கூடாது" என்றார்.

நடந்ததை அண்ணியிடம் மறைக்காமல் சொன்னேன். "ஓட்டைய அடைச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "வர்ற அமாவாசைக்குப் பாப்போம். ஒழுகலேன்னா நீங்க சொல்றபடி" என்றார்.

அந்த அமாவாசையன்று எனக்கு வேலை இல்லை. வண்டியைக் கிளப்பவே இல்லை. நின்ற இடத்திலேயே கழுவிப் பொட்டு வைத்தேன், ஸ்பேனரை எடுக்கவில்லை. சாவியை சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடிந்ததும் நான் வெளியே வரும்போதே அண்ணி வண்டிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய கறைதான் இருந்தது, அதன்மேல் புதிதாக ஈரமில்லை. கையை இன்ஜினுக்கு அடியில் விட்டு போல்ட்டைத் தடவினார். காய்ந்த விரல்களை என்னிடம் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார்.

சூடாக இருந்தது. அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான பாத்திரம் மாதிரி. சாவி வைத்த இடத்திலேயே இருந்ததைக் காலையில் கும்பிடும்போது பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"நான் எடுக்கல அண்ணி" என்றேன்.

"தெரியும் தம்பி." அண்ணி எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சொட்டு சிந்தாம ஒரு சுத்து போயிட்டு வந்திருக்காரு பாருங்க. போதும். திவசத்துக்கு ஐயர்ட்ட சொல்லிடுங்க."

உள்ளே போய் மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுத்துவந்து, அந்தக் கறையைத் துடைக்க ஆரம்பித்தார்.